ஊமைப் பலகை

கல்லூரி விடுதி
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு, இடது சுண்டுவிரலில் கட்டு. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் வலது முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது இன்னும் வலிக்கிறதா? அம்மாவுக்கு இருமல் தேவலை. அப்பா பஸ் டிப்போவில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டு, "என் பெரிய பொண்ணு பி.டி. டீச்சர். அவ ஒரு விசில் அடிச்சா நூறு பிள்ளைங்க நிக்கும், இன்னொரு விசில் அடிச்சா ஓடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறார். கேட்கிற டிரைவர்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

போனில் சொல்லலாம் என்றால் வார்டன் மேசையில்தான் போன். அந்த அம்மா கணக்குப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு காதை மட்டும் நம் பக்கம் வைத்திருப்பார். நீயோ உன் அறையில் போனே இல்லை என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடம் எங்கள் கூடைப்பந்துக் கோர்ட்டில் மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. வெளியூரில் நான்கு, நான்கிலும் மண்ணைக் கவ்வினோம். தோற்றதுகூடப் பரவாயில்லை, தோற்ற விதம்தான் தொண்டையில் நிற்கிறது. இங்கே வந்து முப்பது புள்ளி எடுக்கவே முக்கி முனகிய அணி, தன் ஊரில் எங்களுக்கு எதிராக எழுபது எடுக்கிறது. நாங்கள் அதே ஐந்து பேர்தான். அதே கால், அதே கை. ஆனால் வெளியூர்க் கோர்ட்டில் கால் வைத்ததும் எங்கள் தடுப்பாட்டம் ஓட்டைப் பையாகிவிடுகிறது. எல்லோரும் எங்களைத் தாண்டி ஓடுகிறார்கள்.

மாஸ்டர் முதலில் பயணக் களைப்பு என்றார். முந்தைய நாளே போனோம், தோற்றோம். பிறகு சாப்பாடு என்றார். கட்டிக்கொண்டு போனோம், தோற்றோம். கடைசியில், "புது இடத்துல தூக்கம் வராது. அடுத்த தடவை அவங்கவங்க தலகாணிய எடுத்துட்டு வாங்க" என்றார். ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். தலையணையோடு தோற்றோம்.

நீ இதே கோர்ட்டில் ஆடி "மதில்" என்று பேர் வாங்கியவள். உங்கள் காலத்திலும் இப்படித்தான் இருந்ததா? எங்கே தப்பு? உடனே எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
உடும்பு


பெண்கள் பள்ளி
செப்டம்பர் 1

அடி உடும்பே,

சுண்டுவிரல் எப்படி இருக்கிறது? அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டு, தனியாக விட்டால் ஆறாது. என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. சுகமாகத்தான் இருக்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, பிள்ளைகளுக்குப் பரீட்சை.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். தலையணைக் கதையைக் கேட்டுக் குள்ளவாத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, என் இடுப்பு உயரம்தான் இருப்பாள், ஆனால் பந்தைக் கையில் வாங்கிவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது. தும்மல் என்று இன்னொருத்தி. ஃப்ரீ த்ரோ போட நின்றால் தவறாமல் ஒரு தும்மல் போடுவாள், அதற்குப் பிறகு போட்டால் பந்து கூடைக்குள்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். தலையணையை வீட்டுக்கு அனுப்பிவிடு. நம் அரங்கத்தில் ஸ்கோர் மேசைக்கு எதிர்ப்பக்கம், நடுக்கோட்டை ஒட்டி, ஓரமாகத் தரையில் ஒரு பலகை இருக்கிறது. அதன் அடியில் கட்டை விட்டுப்போயிருக்கிறது. பந்தைத் தட்டினால் எழும்பாது, சத்தமும் வராது. நாங்கள் அதை ஊமைப் பலகை என்போம். பந்தோடு வருகிறவளை அந்தப் பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போவோம். அவள் அங்கே ஒரு தட்டுத் தட்டுவாள், கை மேலே காத்திருக்கும், பந்து கீழேயே கிடக்கும். எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சீனியர்களின் காலைப் பார்த்து ஜூனியர்களின் கால் கற்றுக்கொள்ளும். நீயும் அப்படித்தான் கற்றிருப்பாய். போதாக்குறைக்கு நம் வீட்டு வாசலில் உன்னைத் தடுக்கப் பழக்கியபோதே "அந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு" என்று நான் வேறு கத்தினேன். வெளியூரிலும் உங்கள் கால் எதிராளியை அந்தப் பக்கமே தள்ளுகிறது. அங்கே நல்ல பலகைதான் இருக்கும். நீங்களே வழி திறந்து விட்டுவிட்டு, ஊமைப் பலகைக்காகக் காத்திருக்கிறீர்கள்.

நிஜத் தடுப்பாட்டம் வேறு. முட்டியை மடக்கு. காலைப் பின்னாதே, பக்கவாட்டில் நகரு. எல்லாவற்றுக்கும் மேலே, பேசு. யார் எங்கே வருகிறாள் என்று ஒருத்திக்கொருத்தி கத்திக்கொண்டே இருங்கள். தடுக்கும்போது வாயை மூடிக்கொண்டால் ஐந்து பேரும் ஐந்து அனாதைகள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் அக்கா


கல்லூரி விடுதி
செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் கட்டு பிரித்தாகிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? குள்ளவாத்து எப்படி இருக்கிறாள்? தும்மலுக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் கேப்டன் கேட்கச் சொன்னாள்.

நீ எழுதியது அப்படியே உண்மை. பந்தை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் தட்டினேன். சாக்கு மூட்டை மேல் விழுந்த மாதிரி விழுந்து படுத்துவிட்டது. இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் அதன் மேல் நின்றுதான் வீராங்கனை என்று பேர் வாங்கியிருக்கிறோம். மாஸ்டரிடம் காட்டினோம். பந்தை வாங்கித் தானும் ஒரு தட்டுத் தட்டினார். "நான் குடுத்த ட்ரெய்னிங்னு நெனச்சேன்" என்றார். விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் வெளியூர் ஆட்டம். போவதற்கு முன் ஐந்து பேரும் சத்தியம் செய்தோம், அந்தப் பக்கம் தள்ளக் கூடாது என்று. முதல் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கால் தன் புத்தியைக் காட்டிவிட்டது. ஐந்தாவது தோல்வி.

அக்கா, இனி விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. முதல்வர் மாஸ்டரைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருடம் வெளியூரில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு, அரங்கத்தைப் பரீட்சை ஹாலாக மாற்றிவிடுவார்கள். மீதி இருப்பது ஒரே ஒரு வெளியூர் ஆட்டம், நவம்பர் பதினாறு. எங்கே தெரியுமா? உன் ஊர்க் கல்லூரியில்!

நீ வர வேண்டும். தனியாக இல்லை, உன் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. எங்கள் பக்கம் கத்துவதற்கு வெளியூரில் ஒரு குரல்கூட இருந்ததில்லை. இன்னொன்றும் உண்டு. படிப்பு முடிந்ததும் உன் பள்ளியிலேயே எனக்கும் ஒரு வேலை கிடைக்குமா என்று உங்கள் தலைமை ஆசிரியையிடம் கேட்டு வை. ஒரே மைதானத்தில் நீ ஒரு விசில், நான் ஒரு விசில். அணி இல்லை என்றால் எனக்கு அந்த வழியும் இல்லை, படிப்பில் நான் எப்படி என்று உனக்கே தெரியும்.

வருகிறாய்தானே?

உடும்பு


கல்லூரி விடுதி
அக்டோபர் 3
(அஞ்சலட்டை)

அக்கா, இருக்கிறாயா இல்லையா? முட்டி வலியா? பரீட்சை என்றால் அது என்ன பரீட்சை, கோடையில் ஆரம்பித்து முடியவே மாட்டேன் என்கிறது? நான் இங்கே நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கு வந்துவிட்டேன். ஒரு வரி போடு. உ.


பெண்கள் பள்ளி
அக்டோபர் 13

அன்புள்ள உடும்புக்கு,

முட்டியும் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன். உன் கடிதமும் அட்டையும் ஒன்றாகத்தான் என் கைக்கு வந்தன. திட்டாதே.

பிள்ளைகளை அழைத்து வருவது கஷ்டம். அவர்கள் வீட்டில் விட மாட்டார்கள், பள்ளியிலும் அனுமதி கிடைக்காது. வேலை விஷயமும் இப்போது பேசுகிற நிலைமை இல்லை. பிறகு பார்க்கலாம். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பதிலுக்கு வேறொன்று தருகிறேன், கவனமாகப் படி.

இந்த ஊர்க் கல்லூரி அரங்கத்திலும் ஒரு ஊமைப் பலகை இருக்கிறது. நம்முடையதைவிட மோசம். இது ஸ்கோர் மேசைப் பக்கம். நடுக்கோட்டிலிருந்து வாசலை நோக்கி இரண்டு எட்டு, ஓரக்கோட்டிலிருந்து ஒரு எட்டு உள்ளே. ஒரு முழ அகலம்தான். அங்கே வாளியை வைத்தால்கூடச் சத்தம் வராது. அந்தக் கல்லூரிப் பெண்களுக்கே இது தெரியாது. அவர்கள் தினமும் பழகுவது வெளியில் இருக்கிற சிமென்ட் கோர்ட்டில். அரங்கத்தைப் பட்டமளிப்புக்கும் போட்டிக்கும் மட்டும்தான் திறப்பார்கள்.

உங்கள் கால் தள்ளித் தள்ளிப் பழகிய பக்கத்துக்கு இது நேர் எதிர்ப்பக்கம். ஒரு மாதம் இருக்கிறது. காலை மாற்றுங்கள். இது யோக்கியமான தடுப்பாட்டம் இல்லைதான். ஆனால் ஒரு மாதத்தில் யோக்கியமான தடுப்பாட்டம் வராது, எனக்குத் தெரியும். உனக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு வெற்றி.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். லீவு நாளில் பிள்ளைகளை அங்கே பழக அழைத்துப்போவேன்.

அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


கல்லூரி விடுதி
அக்டோபர் 22

என் தங்க அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கு மேல் நலம்! உன் கடிதத்தைக் கேப்டன் இரண்டு முறை சத்தம் போட்டுப் படித்தாள். எங்கள் கோர்ட்டில் ஸ்கோர் மேசைப் பக்கம் அளந்து சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். காலையும் மாலையும் ஐந்து பேரும் எதிராளியை அந்தக் கட்டத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறோம். முதல் மூன்று நாள் கால் கேட்கவில்லை. எங்கள் அணியின் நெட்டை ஒரு நாள் அழுதேவிட்டாள். இப்போது கனவில்கூட அந்தப் பக்கம்தான் தள்ளுகிறேன். பக்கத்துக் கட்டில்காரி என்னிடமிருந்து உதை வாங்கியதாக வார்டனிடம் புகார் கொடுத்திருக்கிறாள். மாஸ்டரும் விசிலைத் திரும்ப மாட்டிக்கொண்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். பந்தைத் தட்டினால் தெரியும், சரி. நீ எதற்கு அங்கே வாளியைக் கொண்டுபோய் வைத்தாய்?

ஆட்டம் முடிந்து அன்றைக்கு ராத்திரி உன் அறையில் தங்கிக்கொள்ளலாமா? மாஸ்டரிடம் அனுமதிகூட வாங்கிவிட்டேன். தரையில் படுத்துக்கொள்கிறேன், தலையணை கொண்டுவருகிறேன்! உன்னைப் பார்த்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒரு முகாம் என்று சொல்லி நீ வராமலே இருந்துவிடுகிறாய். அம்மா உன் பழைய ஜெர்சியைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆசையோடு,
உடும்பு


பெண்கள் பள்ளி
நவம்பர் 4

அன்புள்ள உடும்புக்கு,

நீ சந்தோஷமாக இருப்பதைப் படிக்கவே நன்றாக இருந்தது. எனக்கும் சுகம்தான், கொஞ்சம் சளி.

வாளிக்கு ஒரு கதையும் இல்லை. குள்ளவாத்து தண்ணீரைக் கொட்டிவிட்டாள், துடைக்க வாளி வாங்கி வந்தோம். நீ போலீஸ் வேலைக்குப் போகலாம்.

என் அறை மிகவும் சின்னது. கூட ஒருத்தி இருக்கிறாள், வெளி ஆள் தங்கினால் சண்டைக்கு வருவாள். வேண்டாம். நீ அணியோடேயே திரும்பிவிடு. ஆட்டத்துக்கு நான் கட்டாயம் வருவேன். கூட்டத்தில் எங்காவது பின்னால் நிற்பேன். ஆடும்போது என்னைத் தேடாதே, பந்தைப் பார். முடிந்ததும் பார்க்க முடிந்தால் பார்க்கலாம், எனக்கு உடனே கிளம்ப வேண்டியிருக்கலாம்.

அம்மாவிடம் அந்த ஜெர்சியைத் துவைக்கச் சொல். அதில் எவ்வளவு வியர்வை என்று எனக்குத்தான் தெரியும்.

அக்கா


பெண்கள் பள்ளி
நவம்பர் 13

உடும்பு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல். அந்தப் பலகையை மாற்றிவிட்டார்கள்.

நேற்று தச்சர்கள் வந்து பெயர்த்து எடுத்து, அடியில் புதுக் கட்டை கொடுத்து, புதுப் பலகை அடித்துவிட்டார்கள். இப்போது கோர்ட்டிலேயே அதுதான் கெட்டியான இடம். யாரோ ஒருத்தி தினமும் வேலை முடிந்ததும் அந்த இடத்தில் பந்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சரியாக எத்தனை எட்டு, எவ்வளவு அகலம் என்று. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "அங்க என்ன பண்றே?" என்று தானும் வந்து மிதித்துப் பார்த்திருக்கிறார். போட்டி நாளில் யாராவது விழுந்து கிழுந்து வைத்தால் தன் தலை உருளும் என்று உடனே ஆள் அனுப்பிவிட்டார். பந்தைத் தட்டிய அந்த முட்டாள் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள். எதிராளிக்கும் கூடைக்கும் நடுவில் நில்லுங்கள், பேசுங்கள், அவ்வளவுதான். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அக்கா


கல்லூரி விடுதி
நவம்பர் 18

(உறையின் மேல்: போட்டியன்று கோர்ட்டைத் துடைத்தவருக்கு, அரங்கத் துப்புரவுப் பிரிவு, உள்விளையாட்டரங்கம்)

அக்கா,

முகவரியைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். எனக்குச் சுகமில்லை. நீ சுகமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

உன் கடைசிக் கடிதம் வார்டன் மேசையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது, நேற்றுத்தான் கைக்கு வந்தது. மாஸ்டருக்கு இன்னும் அந்தப் பயணக் களைப்புப் பைத்தியம் விடவில்லை. பதினான்காம் தேதி காலையிலேயே எங்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தலையணைகளோடு.

முதல் பாதியில் நடந்தது நீ பார்த்ததுதான். ஒரு மாதம் பழகியதைத் துளி பிசகாமல் செய்தோம். ஒவ்வொருத்தியையும் அந்த இடத்துக்கே தள்ளினோம். அவர்கள் தட்டினார்கள், பந்து துள்ளி எழுந்து கைக்குப் போனது, எங்களைத் தாண்டிப் போனார்கள். இடம்தான் தப்போ என்று ஒரு எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம் மாற்றி மாற்றித் தள்ளினோம். பாதி ஆட்டத்தில் பதினாறு புள்ளி பின்னால் இருந்தோம்.

அதற்கு முன்னால்தான் நான் விழுந்தேன். நடுவர் விசில் அடித்து, வியர்வையைத் துடைக்க ஆள் கூப்பிட்டார். தொப்பியை இறக்கி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு ஒருத்தி தரை துடைக்கும் மாப்புக் கட்டையோடு வந்தாள். நான் எழுந்துகொண்டே பார்த்தேன். அவள் முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, காலைப் பின்னாமல் பக்கவாட்டில் நகர்ந்து துடைத்தாள். உலகத்தில் எந்தத் துப்புரவுக்காரி அப்படித் துடைப்பாள்? வலது முட்டி மட்டும் முழுதாக மடங்கவில்லை.

எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை, அக்கா. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாய். பலகை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு வார்த்தை. நீ நிமிரக்கூட வேண்டாம், தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ யார் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே சொல்லவில்லை? எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நானும் அக்கா என்று கூப்பிடவில்லை. ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கடைசிப் பகுதியில் கேப்டன், "பலகையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், அவங்க முன்னாடி நில்லுங்கடி!" என்று கத்தினாள். நின்றோம். பேசினோம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்களால் நான்கு புள்ளிதான் எடுக்க முடிந்தது. வெளியூரில் நாங்கள் நிஜமாகத் தடுத்தது அந்தப் பத்து நிமிடம்தான். மூன்று புள்ளியில் தோற்றோம்.

மறுநாள் பஸ்ஸுக்கு முன் உன் பள்ளியைத் தேடிப் போனேன். நான் பார்த்தது வேறு யாரோவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். வாட்ச்மேன்தான் இருந்தார். "அந்த டீச்சரா? அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. வெளையாட்டு பீரியடையே எடுத்துட்டாங்கல்ல? லெட்டர் வந்தா நான் எடுத்து வச்சிருப்பேன், லீவு கெடைக்கிறப்ப வந்து வாங்கிட்டுப் போவாங்க. பாவம், இங்க உக்காந்துதான் படிப்பாங்க" என்றார். மைதானத்தில் கார்கள் நின்றுகொண்டிருந்தன. உன் பரீட்சைகள் எல்லாம் என்ன என்று அப்போது புரிந்தது. குள்ளவாத்தும் தும்மலும் உன் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்றும் புரிந்தது.

நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கோபம் கோபமாக வந்தது. தரை துடைப்பதில் என்ன கேவலம்? எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? தடுக்கும்போது பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே? வீட்டுக்கு வா, அக்கா. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை


உள்விளையாட்டரங்கம்
நவம்பர் 28

அம்மணி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எங்கள் துப்புரவுப் பிரிவுக்கு அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். அந்தப் பணியாளர் போட்டி நடந்த மறுநாளே தாமாக வேலையை விட்டு நின்றுவிட்டார். காரணம் சொல்லவில்லை. எங்கே போயிருக்கிறார் என்பதும் இங்கே யாருக்கும் தெரியவில்லை. நல்ல வேலைக்காரி. அவருடைய பெட்டியில் ஒரு ஜோடி விளையாட்டுக் காலணி இருக்கிறது. வேலைக்கு அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மாத முடிவுக்குள் உறவினர் யாரும் வந்து பெற்றுக்கொள்ளாவிட்டால் அப்புறப்படுத்தப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
மேற்பார்வையாளர்


கல்லூரி விடுதி
டிசம்பர் 6

(உறையின் மேல்: பி.டி. டீச்சர், பெண்கள் பள்ளி. வாட்ச்மேன் ஐயா, தயவுசெய்து எடுத்து வைக்கவும்.)

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் திரும்ப வந்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. அப்பா நேற்றும் டிப்போவில் உன் விசில் கதையைச் சொன்னாராம். உன் முட்டி எப்படி இருக்கிறது? சளி போய்விட்டதா?

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். நீ எங்காவது பின்னால் நின்று பார்த்திருப்பாய். நீ சொன்ன மாதிரியே நான் உன்னைத் தேடவில்லை, பந்தைத்தான் பார்த்தேன். கீழே விழுந்ததிலிருந்து கண்ணெல்லாம் வியர்வை, சுற்றி யார் இருந்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. பலகை மாறிய கடிதம் தாமதமாக வந்தது, அதற்கு நீ என்ன செய்வாய்? தபாலைத்தான் சொல்ல வேண்டும். பந்தைத் தட்டிய அந்த ஒருத்தியையும் திட்டாதே, அவளுக்கு என்ன தெரியும்.

அணியைக் கலைத்துவிட்டார்கள். அரங்கத்தில் வரிசையாக மேசை போட்டாகிவிட்டது. நம் ஊமைப் பலகை மேல் ஒரு மேசையின் கால் நிற்கிறது, அதனால் அது ஆடிக்கொண்டே இருக்கிறது. மாஸ்டரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். படிப்பு முடிந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலை விஷயமாக நீ யாரிடமும் கேட்க வேண்டாம்.

போன சனிக்கிழமை உன் ஊருக்கு ஒரு வேலையாக வர வேண்டியிருந்தது. வேறொன்றும் இல்லை, ஒரு ஜோடி காலணி வாங்க. உன் அளவு, எனக்குக் கொஞ்சம் பெரிது. வீட்டில் வைத்திருக்கிறேன்.

குள்ளவாத்து வளர்ந்துவிட்டாளா? இப்போது உன் தோள் வரைக்கும் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். தும்மலை நான் கேட்டதாகச் சொல். அவர்களைப் பற்றி நிறைய எழுது, ஒன்று விடாமல் எழுது, நான் எல்லாவற்றையும் நம்புவேன்.

பதில் எப்போது வந்தாலும் சரி. தாமதமானால் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் உடும்பு